மீம்ஸில் காணாமல்போன மரக்கிளை

2021 ஜூனில் தமிழ்நாட்டு மின்துறை அமைச்சர் செந்தில் பாலாஜி, மின்தடைக்கு அணிலும் ஒரு காரணம் என்றார். ஜொகூரில் எங்கள் வாட்சாப் குழுக்கள்வரை அணில் வந்து சேர்ந்தது. ராமருக்குப் பாலம் கட்டின அணிலுக்குக் கம்பத்தில் என்ன வேலை என்கிற ரகம். சினிமா ரசிகர் சண்டையில் ஏற்கெனவே அடிபட்ட சொல் வேறு, கேட்கணுமா? நல்ல சிரிப்புதான், மறுக்கவில்லை. ஆனால் அங்கதம் என்று எடைபோட்டால் அது தேறாது.

ஏனென்றால் அவர் சொன்னது அணிலை மட்டும் இல்லை. பல மாதமாகப் பராமரிப்பு நடக்கவில்லை, மரம் செடி வளர்ந்து கம்பியில் மோதுது, அதில் அணில் ஓடும்போது கம்பிகள் உரசி மின்தடை வருது என்பதுதான் முழுப் பேச்சு. மீம்ஸ் அணிலைத் தூக்கிக்கொண்டு ஓடிவிட்டது. மரக்கிளையை அங்கேயே போட்டுவிட்டது. யார் வெட்டியிருக்கணும், முந்தைய ஆட்சிமேல் பழியைப் போட்டுவிட்டு நகர்ந்துவிடலாமா? ஓர் அமைச்சரை மடக்க வேண்டிய இடம் அந்தக் கிளைதான். அணிலைப் பார்த்துச் சிரித்ததில் அவர் சுலபமாகத் தப்பித்தார்.

அணில் கதை பொய்யும் கிடையாது. ஒரே கம்பியில் ஓடுகிற அணிலுக்கு ஒன்றும் ஆகாது, காக்கா உட்காருகிற மாதிரிதான். உடம்பு ஒரே நேரத்தில் கம்பியையும் கம்பத்தின் இரும்புச் சட்டத்தையும் தொட்டால், அதன் வழியே மின்சாரம் நிலத்துக்குப் பாயும். ரிலே அதைக் கண்டுபிடித்து பிரேக்கரைத் திறக்கும். தெருவே இருட்டு. 1987இல் அமெரிக்காவில் ஓர் அணில் நாஸ்டாக் பங்குச்சந்தையையே ஒரு மணி நேரத்துக்கு மேல் நிறுத்தி வைத்தது.

இதே கூத்து இலங்கையிலும். 2025 பிப்ரவரி 9, பாணந்துறை துணை மின்நிலையத்தில் ஒரு குரங்கு. நாடு முழுக்க கரண்டு போச்சு. அனுமார் திரும்ப வந்துட்டார் என்று எழுத யாருக்கும் இரண்டு நிமிஷம்கூட ஆகாது. அதில் விடுபட்டது, ஒரு குரங்கு எப்படிப் போதுமானதாக இருந்தது என்பது. அன்று ஞாயிற்றுக்கிழமை. மின்தேவை குறைவு, கூரைகளிலிருந்து வரும் சூரிய மின்சாரம் அதிகம். பெரிய சுழலிகள் கொஞ்சம்தான் ஓடிக்கொண்டிருந்தன. அவற்றின் சுழற்சி கனம்தான் திடீர் அதிர்ச்சியைத் தாங்கும். அது குறைந்தால் ஒரு குரங்கு தாராளம். இதில் எவ்வளவு பெரிய நகைச்சுவை இருக்கு! வெயில் அதிகமாக அடித்ததால் நாடு இருண்ட கதையை யாராவது எழுதியிருக்கலாம்.

இதற்கு முந்தைய தலைமுறை ஜோக்குகள் ஆற்காடு வீராசாமி மேல். அவை அணிலை விட மேல். அதிகாரத்தில் இருந்த ஆளையாவது பிடித்தன. ஆனால் 2011இல் ஆட்சி மாறி, 2012இல் மின்வெட்டு இன்னும் மோசமானபோது அந்த ஜோக்குகளுக்கு வேலையில்லாமல் போச்சு. ஆள் போய்விட்டார், பற்றாக்குறை போகவில்லை.

இங்கே நம்ம ஜொகூரில் செடெனாக், கூலாய் பக்கம் தரவு மையங்கள் வரிசையாக எழும்புது. ஒவ்வொன்றும் ஒரு சின்ன ஊருக்கான கரண்டை விழுங்கும். நம்ம மீம்ஸோ இன்னும் ஏர்கோனை அடைக்கச் சொல்லிக் கத்தும் அம்மாவிடமே நிற்குது.