கிளியும் பசுவும்: அறிவுமையக் கல்வியும் படைப்பாற்றலும் குறித்த நன்னூல் நோக்கு

ஆய்வுச் சுருக்கம்

கண்டிப்பும் பாடச்செறிவும் மிக்க பள்ளிக்கல்வி குழந்தைகளின் படைப்பாற்றலை வளர்க்கிறதா, தடுக்கிறதா என்னும் வினா, பெரும்பாலும் மனப்பாடத்திற்கு எதிரான வழக்காகவே வாதிடப்படுகிறது. நன்னூல் பொதுப்பாயிரத்தின் மாணாக்கர் உவமைகளையும் இரவீந்திரநாத தாகூரின் கிளிக்கதையையும் இக்கட்டுரை ஒப்பிடுகிறது. உ.வே. சாமிநாதையரின் கல்வி வரலாற்றைச் சான்றாகக் கொண்டு, படைப்பாற்றலுக்குத் தடையாவது அறிவின் மிகுதியன்று, கற்றதை அசைபோட இடமின்மையே என நிறுவ முயல்கிறது.

திறவுச்சொற்கள்: நன்னூல், பொதுப்பாயிரம், மனப்பாடம், படைப்பாற்றல், தாகூர், உ.வே.சா.

முன்னுரை

தமிழ்க் கல்வி மரபில் நினைவாற்றல் பெருமதிப்புப் பெற்றிருந்தது. திண்ணைப் பள்ளிகளில் எண்சுவடியும் நிகண்டும் நெட்டுருவாக்கப்பட்டன. இம்மரபைச் சிந்தனையற்ற ஒப்புவித்தல் எனத் தள்ளுவோரும், பொற்காலம் எனப் போற்றுவோரும் உளர். மரபே தன் கற்றல் முறையை எவ்வாறு மதிப்பிட்டது என்பதை இவ்விரு சாராரும் போதிய அளவு நோக்கவில்லை. 13ஆம் நூற்றாண்டில் பவணந்தி முனிவர் இயற்றிய நன்னூலின் பொதுப்பாயிரம் அதற்குத் தெளிவான விடை தருகிறது.

இடையில் நிற்கும் கிளி

நன்னூல் மாணாக்கரை எட்டு உவமைகளால் மூவகைப்படுத்துகிறது. அன்னமும் பசுவும் தலைமாணாக்கர். மண்ணும் கிளியும் இடைமாணாக்கர். இல்லிக்குடம், ஆடு, எருமை, நெய்யரி ஆகியவை கடைமாணாக்கர். கற்பித்ததை மட்டுமே திருப்பிச் சொல்வது கிளி. புல் மிகுந்த இடத்தில் வயிறார மேய்ந்து, பின் ஓரிடத்தில் அமர்ந்து அசைபோடுவது பசு.

இவ்வரிசையில் இரண்டு செய்திகள் கருதத்தக்கன. முதலாவது, கிளி கடைநிலையில் வைக்கப்படவில்லை. கேட்டதை ஒழுகவிடும் இல்லிக்குடத்தைவிட அது மேலானது. நினைவில் நிறுத்துதல் ஒரு தகுதியாகவே கருதப்பட்டது. இரண்டாவது, அத்தகுதி முதலிடத்திற்குப் போதவில்லை. பசுவும் முதலில் மேய்கிறது. மேயாத பசுவுக்கு அசைபோட எதுவுமில்லை. எனவே நன்னூல் வேறுபடுத்துவது அறிவுடையோரையும் அறிவிலாரையும் மட்டுமன்று. பெற்ற அறிவைக் கொண்டு மாணாக்கர் செய்வதையும் அது அளக்கிறது.

பாடங்கேட்டலின் முறையைக் கூறுமிடத்தும் இந்நோக்கு தொடர்கிறது. பாடம் போற்றலோடு, கேட்டவற்றை நினைத்தலும் வினாதலும் வினாவியவற்றிற்கு விடையளித்தலும் மாணாக்கரின் கடமைகளாகின்றன. ஆசிரியர் உரைத்ததை முழுமையாகக் கொண்டாலும் கிடைப்பது புலமையின் காற்பங்கே. உடன் பயில்வோரோடு பழகுவதால் மற்றொரு காற்பங்கும், பிறர்க்கு உரைப்பதால் எஞ்சிய பாதியும் நிறைகின்றன. ஆசிரியரின் சொல்லையே கல்வியின் முழுமையாகக் கருதும் வகுப்பறைக்கு இது கடுமையான மறுப்பு.

தாகூரின் கிளி

தாகூர் 1918இல் வெளியிட்ட வங்காளக் கதையிலும் ஒரு கிளி வருகிறது. பாடித்திரிந்த அப்பறவைக்குச் சாத்திரம் தெரியவில்லை என அரசன் அதற்குக் கல்வி புகட்ட ஆணையிடுகிறான். பொற்கூண்டு செய்யப்படுகிறது, ஏடுகள் குவிகின்றன. இரைக்கும் நீருக்கும் மாறாக ஏட்டுத்தாள்களே அதன் வாயில் திணிக்கப்படுகின்றன. பறவை இறந்தபின் அதன் வயிற்றில் தாள்கள் சலசலக்கின்றன.

நன்னூலில் கிளி மாணாக்கரின் இயல்பைச் சுட்டுகிறது. தாகூரிடம் கிளியின் நிலைக்குக் கல்வி அமைப்பே பொறுப்பாகிறது. நன்னூலின் வரையறை இவ்விடத்தில் குறையுடையது. குழந்தை கிளியாவதும் பசுவாவதும் பிறவி இயல்பால் மட்டும் அமைவன அல்ல. பள்ளி அதற்கு அளிக்கும் நேரமும் வினவும் உரிமையும் அதை முடிவு செய்கின்றன. தாகூரின் கதையைப் படிப்புக்கு எதிரான வாதமாகக் கொள்வதும் பொருந்தாது. தொண்டை அடைபட்ட பறவை உண்ணவுமில்லை, பாடவுமில்லை. அக்கூண்டில் நிகழ்ந்தது கற்றலே அன்று.

உ.வே.சா.: ஒரு சான்று

மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் 1871இல் மாணவராகச் சேர்ந்த உ.வே.சா., அந்தாதி, பிள்ளைத்தமிழ், புராணம் எனப் பெருந்தொகை நூல்களைப் பாடங்கேட்டார். 1880இல் கும்பகோணத்தில் சேலம் இராமசுவாமி முதலியாரிடம் தாம் கற்றவற்றை அவர் அடுக்கியபோது முதலியார் வியக்கவில்லை. சிந்தாமணியைப் படித்ததுண்டா என வினவினார். அவ்வினா சங்க இலக்கியப் பதிப்புகள் வரை நீண்ட பெரும்பணிக்குத் தொடக்கமாயிற்று. சீவகசிந்தாமணிப் பதிப்பு 1887இல் வெளிவந்தது.

இந்நிகழ்வை மரபுக்கல்வியின் தோல்வியாகக் காட்டுவது எளிது. அக்கல்வி தன் பாட வரம்புக்கு அப்பால் நோக்கத் தூண்டவில்லை என்பது உண்மையே. எனினும் சிதைந்த ஏடுகளில் சீர் பிரிக்கவும், பாடவேறுபாடுகளை ஆராயவும், விடுபட்ட சொல்லை உய்த்துணரவும் தேவைப்பட்ட பயிற்சியை அதே கல்விதான் அளித்திருந்தது. வினா புறத்திலிருந்து வந்தது. அதற்கு விடைகாணும் வலிமை நெடுங்காலப் பயிற்சியில் விளைந்தது. இரண்டில் ஒன்று இல்லாதிருப்பின் அப்பதிப்பு உருவாகியிராது.

முடிவுரை

பாடச்சுமையைக் குறைப்பதால் மட்டும் படைப்பாற்றல் வளர்ந்துவிடாது. கூட்டுவதால் மட்டும் புலமை நிறைந்துவிடாது. தமிழ்நாட்டில் பொதுத்தேர்வுத் தரவரிசைப் பட்டியல் வெளியிடும் முறை 2017இல் கைவிடப்பட்டது. அது போட்டியைத் தணிக்கும் நடவடிக்கை. வினாத்தாள் எதைக் கேட்கிறது என்னும் சிக்கல் அதனால் தீர்வதில்லை. ஆசிரியர் தந்த காற்பங்கை மட்டும் திருப்பிக் கேட்கும் தேர்வு கிளிக்கே முதலிடம் அளிக்கிறது. மாணவர் வினவுவதற்கும், உடன் பயில்வோரோடு உரையாடுவதற்கும், பிறர்க்கு விளக்குவதற்கும் மதிப்பெண்ணும் நேரமும் ஒதுக்கப்படும்போது எஞ்சிய முக்காற்பங்கு பள்ளிக்குள் இடம்பெறும். கண்டிப்பான கல்வியின் தகுதியை இவ்வளவுகோலாலேயே மதிப்பிட வேண்டும்.