சொந்தக் காரணங்களை முன்னிட்டு

ஓய்வு வயதுக்கு முன்பே பணியைத் துறக்கும் ஆசிரியர்களின் விலகல் கடிதங்களில் பெரும்பாலும் ஒரே தொடரைக் காண்கிறோம்: 'சொந்தக் காரணங்களை முன்னிட்டு'. அத்தொடர் மறைப்பது எதனை? ஆர்.கே. நாராயணின் 'தி இங்கிலீஷ் டீச்சர்' (1945) என்னும் ஆங்கில நாவலை இவ்வினாவோடு மீண்டும் படித்தோம். நாராயணும் மிகச் சில நாள்களே ஆசிரியராயிருந்து விலகியவர்தாம்.

மால்குடியின் ஆல்பர்ட் மிஷன் கல்லூரியில் கிருஷ்ணன் ஆங்கில ஆசிரியன். மாத ஊதியம் 100 ரூபாய். மாணவன் ஒருவன் ஆங்கிலச் சொல்லொன்றில் ஓர் எழுத்தை விட்டுவிட்டதற்காக முதல்வர் பிரௌன் பெரிதும் வருந்துகிறார். அவருக்கு இந்திய மொழி ஒன்றிலேனும் எளிய வாக்கியம் சொல்லத் தெரியுமா என்று கிருஷ்ணன் சக ஆசிரியரிடம் வினவுகிறான். மனப்பாடமும் தேர்வும் வருகைப் பதிவுமாய்க் கழியும் பணியில் அவனுக்கு நம்பிக்கை இல்லை. மனைவி சுசீலாவை டைபாய்டு காய்ச்சலுக்குப் பறிகொடுத்தபின், அப்பொய்ம்மையைச் சுமக்க அவனால் இயலவில்லை.

பிற்பகுதியில் வரும் ஆவியுலகத் தொடர்பைப் பற்றியே திறனாய்வாளர் பலர் வாதிட்டுள்ளனர். நாமோ அவன் விலகல் கடிதம் எழுதும் இடத்தையே நூலின் உயிர்நாடியாகக் கருதுகிறோம். கல்விமுறையைச் சாடி நீண்ட மடல் எழுத முனைந்தவன், அதனைக் கைவிட்டு, சொந்தக் காரணம் என இரண்டொரு வரிகளில் முடித்துக்கொள்கிறான். பின்னர் 25 ரூபாய் ஊதியத்தில் குழந்தைகள் பள்ளியில் சேர்கிறான். ஆக, அவன் துறந்தது கற்பித்தலை அன்று, கற்பிக்கவிடாத பதவியையே.

எனினும் ஒரு குறையைச் சொல்லியாக வேண்டும். மகள் லீலாவைத் தாத்தா பாட்டியின் பொறுப்பில் விட்டு, கிருஷ்ணனின் சுமையை ஆசிரியர் எளிதாக இறக்கிவிடுகிறார். வீட்டுக்கடனும் பிள்ளைகளின் படிப்புச் செலவும் உள்ளவர் 25 ரூபாய்க்கு எங்ஙனம் இசைவார்? அவர் விலகுவதில்லை, உள்ளத்தால் விலகி, உடலால் வகுப்பறையில் நிற்கிறார். இவரைப் பற்றி நாவல் மௌனம் சாதிக்கிறது.

தமிழக அரசு ஆசிரியர்களின் ஓய்வு வயது 2021இல் 60 ஆக உயர்த்தப்பட்டது. ஆண்டுகளைக் கூட்ட அரசாணை போதும். ஆர்வத்தைக் கூட்ட அது போதாது. பதிவேடுகளும் தேர்ச்சி விழுக்காடும் மாணவனுக்குரிய நேரத்தை விழுங்கும்போது, நல்லாசிரியரே முதலில் சோர்வுறுகிறார்.

ஆகவே பள்ளி நிர்வாகிகளுக்கு ஒரு வேண்டுகோள். இரண்டு வரிக் கடிதம் உங்கள் மேசைக்கு வரும்போது உடனே கையொப்பமிடாதீர்கள். அந்த ஆசிரியரை அமரச் செய்து, அவர் எழுதாமல் விட்ட நீண்ட கடிதத்தைக் கேளுங்கள். நாமும் கேட்கக் கடமைப்பட்டுள்ளோம்; நம் பிள்ளைகள் அவர் வகுப்பில்தானே அமர்ந்திருக்கிறார்கள்!