நடுவில் எடுத்த ஸ்கேன்

கீமோவுக்குக் கட்டி மசிகிறதா என்பதைப் பெரும்பாலும் ஸ்கேன்தான் சொல்ல வேண்டும். அதற்கான பொது விதி, 2000-இல் வகுத்து 2009-இல் திருத்திய ‘ரெசிஸ்ட்’ அளவுமுறை. தேர்ந்தெடுத்த கட்டிகளின் விட்டங்களைக் கூட்டிப் பார்த்து, 30 சதவீதமாவது குறைந்திருந்தால் மருந்து வேலை செய்கிறது என்று கொள்கிறார்கள். 50 மி.மீ. கட்டி 35 ஆவது சின்ன மாற்றமாகத் தோன்றும். உருண்டைக் கட்டியானால் கன அளவில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு கரைந்துவிட்டது என்று பொருள். எந்த ஊர் மருத்துவருக்கும் புரிகிற கணக்கு இது. பயன்தராத மருந்தை நேரத்தோடு நிறுத்தவும் உதவுகிறது. இதன் பெரிய பலம் அதுதான்.

ஆனால் வளர்ச்சியை முதல் ஸ்கேனோடு ஒப்பிடக் கூடாது. அதுவரை பதிவான மிகக் குறைந்த அளவோடு ஒப்பிட வேண்டும். அதைவிட 20 சதவீதமும், குறைந்தது 5 மி.மீட்டரும் கூடியிருந்தால் நோய் முற்றுகிறது. 50-இல் தொடங்கி 30-க்கு இறங்கிய கட்டி இப்போது 38 என்று வையுங்கள். முதல் பிலிமை மட்டும் வைத்துப் பார்த்தால் நல்ல முன்னேற்றம். நடுவில் எடுத்ததையும் பார்த்தால், மருந்தை மாற்றியே ஆக வேண்டும்.

சென்னைக்கு வெளியே இருக்கும் கவரைப்பேட்டைக்காரர்களுக்கு இது வெறும் கணக்கல்ல. முதல் ஸ்கேனைச் சென்னையில் எடுத்தவர், அடுத்ததைப் பக்கத்து ஊர் சென்டரில் எடுக்க நேரலாம். கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ஒப்பந்தக் கூலிக்குப் போகிறவருக்கு ரயிலேறிச் சென்ட்ரல் போய் வருவதே ஒரு நாள் சம்பள இழப்பு. மெஷின் மாறும், துண்டுப் படத்தின் தடிமன் மாறும், அளப்பவரும் மாறுவார். 35, 36 என்ற ஒரு மி.மீ. வித்தியாசமே முடிவைப் புரட்டிவிடும் இடத்தில், இந்தக் குலைவு சாதாரணமானதல்ல.

அளவே போதாத இடங்களும் உண்டு. இமாட்டினிப் மாத்திரை சாப்பிடுபவரின் ‘ஜிஸ்ட்’ வயிற்றுக் கட்டி, சுருங்காமலே உள்ளுக்குள் செத்துப்போகலாம். அதனால்தான் 2007-இல் சோய் குழுவினர் கட்டியின் அடர்த்தியையும் கணக்கில் சேர்த்தார்கள். பெட் ஸ்கேன் சர்க்கரை உறிஞ்சும் செல்களைக் காட்டும். ஆனால் காசநோய்ப் புண்ணும் அதில் ஒளிரும். காசநோய் இவ்வளவு பரவியுள்ள நம் நாட்டில், புதிதாக ஒளிரும் நெறிக்கட்டியைப் புற்று என்று அவசரப்பட்டு எழுதிவிடக் கூடாது, பயாப்ஸி தேவைப்படலாம்.

இத்தனைக்கும் அளவுமுறையைக் கைவிடச் சொல்ல மாட்டேன். கோளாறு பெரிதும் கோப்பில் இருக்கிறது. ஒவ்வொரு ரிப்போர்ட்டிலும் முதல் அளவு, மிகக் குறைந்த அளவு, இன்றைய அளவு மூன்றும் தேதியோடு இருக்க வேண்டும். பழைய ஸ்கேன் சிடியை நோயாளியிடம் கேட்டு வாங்காமல் ரிப்போர்ட் எழுதக் கூடாது.