சீவல் போகும் வழி

மரை வெட்டும் டேப்பைத் தேர்ந்தெடுக்கும்போது முதலில் பார்க்க வேண்டியது, வெட்டுப்படும் சீவல் துளையிலிருந்து எப்படி வெளியேறும் என்பதை. டேப் உடைவது பெரும்பாலும் சீவல் சிக்கித்தான்.

கையால் மரை வெட்டும் டேப்புகள் மூன்று சேர்ந்த செட்டாக வரும். முதல் டேப்பின் நுனியில் ஏழு முதல் பத்துப் பற்கள் வரை சரிவாகத் தேய்க்கப்பட்டிருக்கும். துளைக்குள் நேராக இறங்கி வழி பிடிப்பது அதன் வேலை. இரண்டாவதில் சரிவு மூன்று முதல் ஐந்து பல். மூன்றாவதில் ஒன்றிரண்டுதான், அடி மூடிய துளையில் கடைசி வரை மரை ஏற்ற அதுவே வேண்டும். அரைச் சுற்று முன்னே, கால் சுற்று பின்னே என்று திருப்பும்போது சீவல் முறிவது ரென்ச்சைப் பிடித்த விரல்களுக்குத் தெரியும். அந்தச் சின்ன விடுபடலை உணரப் பழகியவர் கையில் டேப் அபூர்வமாகவே உடையும்.

மிஷினில் பின்னே திருப்பி முறிக்கும் வேலை இல்லை. டேப்பின் வடிவமே சீவலுக்கு வழிகாட்ட வேண்டும். கன் டேப்பின் நுனி சாய்வாகத் தீட்டப்பட்டிருப்பதால் சீவலை முன்னால் தள்ளும். இருபுறமும் திறந்த துளைக்கு அதைவிட நல்லது இல்லை. அதையே அடி மூடிய துளையில் விட்டால் சீவல் அடியில் இறுகிவிடும். அங்கே சுருள் காடி டேப்தான் சரி. டிரில்லைப் போலச் சீவலை மேலே இழுத்துவரும். வார்ப்பிரும்பு தூளாக உதிர்வதால் நேர்க்காடியே போதும். கோவையின் பம்பு உடல்கள் பலவும் வார்ப்பிரும்புதான். அலுமினியம் போன்ற இளகிய உலோகத்துக்குச் சீவலே இல்லாத வழி ஒன்று உண்டு: ஃபார்மிங் டேப் உலோகத்தை வெட்டாமல் பிதுக்கியே மரையாக்கும்.

துளை தவறினால் எந்த டேப்பும் காப்பாற்றாது. 1.5 மி.மீ. பிட்ச் உள்ள எம்10 மரைக்கு 8.5 மி.மீ. துளை. முழு மரை உயரத்தில் முக்கால் பங்குக்குச் சற்றே மேல் கிடைக்கும், அது தாராளம். பிடிப்பு கூடும் என்று துளையைக் குறைப்பது வீண் ஆசை. டேப் திணறுமே தவிர, வலிமை பெரிதாகக் கூடாது. ஃபார்மிங் டேப்புக்கு அதே மரைக்குச் சுமார் 9.3 மி.மீ. வேண்டும்.

கடைசியில் சொல்ல வேண்டியது மரை கேஜ். கோ முனை கைவிசையில் முழுக்க இறங்கி, நோ-கோ முனை இரண்டு சுற்றுக்கு மேல் ஏறாமல் நின்றால் மரை சரி.