எங்கே நிறுத்துவது?

காலனையே தடுத்து நிறுத்திய தலம் என்று திருக்கடையூரைப் புராணம் போற்றுகிறது. அறுபது வயது நிறைந்தவர்கள் அங்கே மணிவிழாக் கொண்டாடுவதை நீங்கள் அறிவீர்கள். அவ்வூர் வயல்களில் நெல் பூப்பதைக் கணினிப் பாடமாக்க விரும்பும் ஆசிரியருக்கும் காலத்தை நிறுத்தும் வேலை உண்டு. நெற்பூ முற்பகலில் விரிந்து, சிறிது நேரத்திலேயே மூடிக்கொள்ளும். மகரந்தப் பைகள் வெளியே தெரியும் கணத்தில் படம் நின்றால்தான் பாடம் விளங்கும்.

இத்தகைய பாடங்களை ஆக்கப் பயன்பட்ட மென்பொருள்களுள் பெயர்பெற்றது, மேக்ரோமீடியா நிறுவனத்தின் டைரக்டர். அதன் கட்டளை மொழி லிங்கோ. அம்மொழி அறியாதவர்களுக்காக 1997இல் வந்த ஆறாம் பதிப்பில் 'பிஹேவியர்' எனப்படும் ஆயத்தக் கட்டளைகள் சேர்க்கப்பட்டன. வேண்டியதை எடுத்துப் பொத்தானின்மேல் வைத்தால் போதும், எழுத வேண்டியதில்லை.

இது நல்ல வசதியே. ஆனால் 'ஓடு', 'நில்' என்னும் பொத்தான்களுடன் பாடத்தை முடித்துவிடுவது குறையாகும். மாணவன் சற்றுத் தாமதித்து அழுத்தினால் பூ மூடியிருக்கும். எந்தக் கணம் முக்கியம் என்பது ஆயத்தக் கட்டளைக்குத் தெரியாது. ஆசிரியர்தாம் அதைச் சொல்லவேண்டும்.

சொல்வது கடினமன்று. உள்ளே இருப்பவை முக்கியமாக இரண்டு எண்களே. ஒன்று வேகம்: 1 என்றால் படம் இயல்பாக ஓடும், 0 என்றால் நிற்கும், -1 என்றால் பின்னோக்கி ஓடும். மற்றொன்று காலம். டைரக்டர் இதை 'டிக்' என்ற அலகால் அளந்தது. ஒரு விநாடிக்கு 60 டிக். நாளை 60 நாழிகையாகப் பகுத்த நமக்கு இக்கணக்கு புதிதன்று. மகரந்தப் பைகள் 20ஆம் விநாடியில் தெரிந்தால், காலம் 1200 ஆனதும் வேகத்தை 0 ஆக்கவேண்டும். இங்கே ஓர் எச்சரிக்கை: கணினி இடைவிட்டு இடைவிட்டே காலத்தைப் பார்க்கிறது. 1198க்குப் பின் அது 1203ஐக் காணலாம். ஆகவே '1200க்குச் சமமா?' என்று கேட்டால் படம் நிற்காமல் ஓடிவிடும். '1200 அல்லது அதற்கு மேலா?' என்றே கேட்கவேண்டும்.

2005இல் மேக்ரோமீடியாவை வாங்கிய அடோபி நிறுவனம், 2017இல் டைரக்டர் விற்பனையை நிறுத்தியது. ஆயத்தப் பொத்தான்களை மட்டும் அறிந்தவரின் திறமையும் அத்துடன் பயனற்றுப் போயிற்று. உள்ளிருந்த இரண்டு எண்களை அறிந்தவருக்கோ நட்டமில்லை. இன்றைய இணையப் பக்கத்து வீடியோவிலும் வேகமும் காலமும் உண்டு. காலம் விநாடியில் அளக்கப்படுவதால், 1200க்குப் பதில் 20 என்று எழுதவேண்டும்; அவ்வளவே.

ஆகவே மாணவர்களே, ஆயத்தக் கட்டளையைத் தயங்காமல் பயன்படுத்துங்கள். ஆனால் அதை ஒருமுறை திறந்து படியுங்கள். ஓர் எண்ணை மாற்றி, என்ன நிகழ்கிறது என்று பாருங்கள்.