‘நடிக்கல, வாழ்ந்திருக்காங்க’ என்பது பாராட்டா?

நம்ம ரசிகர்கள் கையில் இருக்கும் உச்சபட்சப் பாராட்டு ஒன்றுதான்: ‘மனுஷன் நடிக்கல, வாழ்ந்திருக்கான்.’ கமலுக்கு இதைச் சொன்னால் அது மகுடம். இதையே ஒரு ஏலத்தோட்டத் தொழிலாளியைப் பார்த்துச் சொன்னால்? ‘அவங்க எங்க நடிச்சாங்க, அப்படியே இருந்தாங்க’ என்று ஆகிவிடுகிறது. வார்த்தை ஒன்றுதான், ஆனால் ஒருவருக்குத் திறமையைக் கொடுத்து இன்னொருவரிடமிருந்து அதைப் பிடுங்குகிறது. தேனிப் பக்கத்துப் படங்களைப் பற்றிய ரசிகர் சண்டைகளில் எனக்குத் தொடர்ந்து உறுத்துவது இதுதான்.

லெனின் பாரதியின் ‘மேற்குத் தொடர்ச்சி மலை’ 2018 ஆகஸ்டில் வந்தது. கம்பம் பள்ளத்தாக்கின் அடிவாரத்துக்கும் மேலே கேரளத்து ஏலத்தோட்டங்களுக்கும் நடுவே சுமை தூக்கி நடக்கிற ரங்கசாமியின் கதை. அவனுக்கு ஒரே கனவு, கைப்பிடி நிலம். தயாரித்தவர் விஜய் சேதுபதி, ஆனால் அவர் அதில் நடிக்கவில்லை. ஆண்டனி நடித்தார், சுற்றிலும் ஏராளமான உள்ளூர் முகங்கள். ‘சேதுபதியே நடிச்சிருந்தா படம் ஓடியிருக்கும்’ என்றது ஒரு கட்சி. ‘ஸ்டார் வந்தா ஊரு காணாமப் போயிரும்’ என்றது இன்னொன்று. நான் இரண்டாவது கட்சிதான். ஆனால் அந்தக் கட்சி சொல்லும் காரணத்தில் எனக்கு உடன்பாடில்லை. உள்ளூர்க்காரர்களுக்கு நடிக்கத் தெரியாது, அதனால்தான் அவர்கள் உண்மையாகத் தெரிகிறார்கள் என்பது அவர்கள் வாதம்.

மலையேறும் காட்சிகளைத் திரும்பப் பாருங்கள். தினமும் ஏறுகிற பாதைதான். ஆனால் கேமரா முன்னால் ஏறுவது வேற வேலை. லென்ஸைப் பார்க்கக் கூடாது. இன்னொரு டேக் என்றால் அதே வேகம், அதே மூச்சு, அதே இடத்தில் அதே பேச்சு வரவேண்டும். தன் பிழைப்பையே சொன்ன நேரத்தில் திரும்பச் செய்து காட்டுவதற்குப் பெயர் என்ன? நடிப்புதானே.

இதற்கு அந்தப் படத்தின் பலவீனமான இடங்களே சாட்சி. சங்கம், உரிமை என்று வசனம் அரசியலை விளக்க ஆரம்பிக்கும்போது, சில குரல்கள் ஒப்பிக்கிற மாதிரி விறைத்துப்போகின்றன. ‘சும்மா இருக்கிறவர்’ ஒரு காட்சியில் சரியாகவும் இன்னொன்றில் தடுமாறியும் எப்படி இருக்க முடியும்? வாய்க்குப் பொருந்தாத வசனம் எந்த நடிகரையும் கவிழ்க்கும். அவர்களையும் கவிழ்த்தது.

ஆண்டிபட்டிக் கணவாயைத் தாண்டினால் உசிலம்பட்டிப் பக்கம். அங்கிருந்து வந்தது மணிகண்டனின் ‘கடைசி விவசாயி’ (2022). இதில் விஜய் சேதுபதியும் யோகி பாபுவும் இருந்தும் படத்தின் நடு மையம் நல்லாண்டி என்கிற பெரியவர்தான். மயிலைக் கொன்றதாகப் பொய்வழக்கில் சிக்கி கோர்ட்டில் நிற்கும்போது அவர் கவலையெல்லாம் பயிருக்குத் தண்ணி பாய்ச்சணுமே என்பதுதான். கேள்வி காதில் விழுந்து உள்ளே போய்ச்சேரும்வரை அவர் காத்திருக்கிறார், அவசரமே இல்லை. எதிராளி பேசுவதைக் கேட்பதுதான் நடிப்பில் கஷ்டமான பாடம் என்று பட்டறைகளில் சொல்லித் தருவார்கள். இவர் அதைச் செய்தால் ‘வயசானவர், அப்படித்தான் இருப்பார்’ என்கிறோம்.

படம் வெளிவருமுன்பே அவர் இறந்துவிட்டார். 69ஆவது தேசிய விருதுகளில் அவருக்குச் சிறப்புக் குறிப்பு கிடைத்தது. சந்தோஷம்தான். ஆனால் சிறந்த நடிகர் விருதுக்கும் சிறப்புக் குறிப்புக்கும் நடுவே உள்ள இடைவெளியில், நம்முடைய அந்த ‘வாழ்ந்திருக்கார்’ உட்கார்ந்திருப்பதாகவே எனக்குப் படுகிறது.

அல்லிநகரத்துக்காரரான பாரதிராஜா, மதுரையில் வளையல் விற்ற பாண்டியனை ‘மண்வாசனை’யில் (1983) நாயகனாக்கினார். பாண்டியன் அடுத்தடுத்துப் படங்களில் நடித்தார். நடிகர் என்று ஒருமுறை ஒப்புக்கொண்டுவிட்டால் அடுத்த வேடம் வரும், கேட்டு வாங்கச் சம்பளம் இருக்கும். ‘அப்படியே இருந்தார்’ என்று சொல்லிவிட்டால் அவர் தோட்டத்துக்கே திரும்பவேண்டியதுதான். படத்தின் முடிவில் ரங்கசாமி, தன் நிலமாக இருந்த இடத்தில் காற்றாலைக்குக் காவலாளி. உழைப்பு அவனுடையது, பெயர் வேறொருவருடையது. அவனைப் பாராட்டுகிறோம் என்று நாமும் அதையே செய்ய வேண்டாமே. நல்லா நடிச்சிருக்காங்க என்று சொல்லுவோம், அது போதும்.