பழைய ரேக்கும் புதிய ரேக்கும்

ரேக்டைம் என்பது 1890களில் அமெரிக்காவின் மிசௌரி மாநிலத்திலும் அதைச் சுற்றிய ஊர்களிலும் கறுப்பினக் கலைஞர்கள் உருவாக்கிய பியானோ இசை. மதுக்கூடங்களிலும் நடன அரங்குகளிலும் வாசித்து வயிறு வளர்த்தவர்கள், பாஞ்சோவின் துள்ளலையும் ராணுவ பாண்டின் அணிநடையையும் பத்து விரல்களுக்குள் கொண்டுவந்தார்கள். இவ்வகையில் அமைந்த ஓர் உருப்படிக்கு ‘ரேக்’ என்று பெயர்.

இதில் இடதுகை தாளக்காரன். கீழே ஒரு கனத்த சுரம், மேலே ஒரு சுரக்கூட்டு, மீண்டும் கீழே, மீண்டும் மேலே என்று பிசகாமல் நடக்கும். வலதுகையின் மெட்டு அந்தத் தட்டுகளின்மேல் விழாமல் சற்று முந்தியோ பிந்தியோ விழும். கர்னாடக இசை கேட்டுப் பழகிய காதுக்கு இது அந்நியமல்ல. சமத்தில் தொடங்காமல் சற்றுத் தள்ளி எடுப்பு அமைந்த கிருதியில், கை போடும் தாளத்துக்கும் வாய் பாடும் பாட்டுக்கும் இடையே ஓர் இழுப்பு பிறக்கிறது. ரேக்கில் அந்த இழுப்பு எடுப்போடு நின்றுவிடாமல் தட்டுக்குத் தட்டு தொடர்கிறது. நான்கு நான்காக நடக்கும் தாளத்தின்மேல் மும்மூன்று சுரங்களாகக் கோத்து ஓட்டுவதும் உண்டு. சதுஸ்ர நடையில் திஸ்ரக் கோவைகளை வாசிக்கும் மிருதங்கக்காரரின் கணக்கும் இதுதான். ஆனால் ரேக்கில் தாளம் போடுபவரும் அதை மீறுபவரும் ஒரே ஆள்.

1897 ஜனவரியில் வில்லியம் கிரெல் என்ற பாண்டு நடத்துநரின் ‘மிசிசிப்பி ரேக்’ அச்சேறியது. அதே ஆண்டு டிசம்பரில் டாம் டர்ப்பினின் ‘ஹார்லெம் ரேக்’ வந்தது. கறுப்பினக் கலைஞர் ஒருவர் எழுதி அச்சில் வந்த முதல் ரேக் அது. இரண்டையும் மறக்கடித்தது 1899இல் செடாலியா ஊரில் ஜான் ஸ்டார்க் வெளியிட்ட ‘மேப்பிள் லீஃப் ரேக்’. எழுதியவர் ஸ்காட் ஜோப்ளின். விற்கும் ஒவ்வொரு பிரதிக்கும் ஒரு சென்ட் உரிமைத்தொகை என்று ஒப்பந்தம். கறுப்பின இசையமைப்பாளர்களிடம் சொற்பத் தொகை கொடுத்து மொத்த உரிமையையும் எழுதி வாங்கிக்கொள்வது வழக்கமாக இருந்த காலத்தில், அந்த ஒரு சென்ட் சிறிய விஷயமல்ல.

செவ்வியல் ரேக்கின் வடிவம் கறாரானது. பதினாறு தாள அளவைகள் கொண்ட நான்கு பகுதிகள் இருக்கும். முதல் பகுதியும் இரண்டாம் பகுதியும் இரண்டிரண்டு முறை வரும். முதல் பகுதி ஒருமுறை தலைகாட்டிய பிறகு சுருதி மாறி மூன்றாவது பகுதி தொடங்கும், நான்காவதோடு முடியும். இந்தக் கட்டுக்கோப்புக்குக் கலைக் காரணத்தோடு வியாபாரக் காரணமும் உண்டு. ஒலித்தட்டு பரவாத அந்நாளில் இசை விற்றது தாளில். வீட்டுக் கூடத்தில் பியானோ வைத்திருந்த நடுத்தரக் குடும்பம் வாங்கி வாசிக்க, நான்கைந்து பக்கங்களில் அடங்கும் உருப்படி வேண்டும். நடனத்துக்கும் ஒத்துவர வேண்டும். இந்த நெருக்கடிக்குள்தான் ஜோப்ளின் தன் மெட்டுகளைச் செதுக்கினார். தன் ரேக்குகளை வேகமாக வாசிக்கக் கூடாது என்று அச்சுத்தாளிலேயே எச்சரிக்கை போடுமளவுக்கு அவற்றின் கண்ணியம் அவருக்கு முக்கியமாக இருந்தது.

ஜோப்ளினோடு சேர்த்துச் சொல்லப்படும் மற்ற இருவர் ஜேம்ஸ் ஸ்காட், ஜோசஃப் லாம். ஸ்காட்டின் ரேக்குகளில் விரல்வேலை அதிகம். ‘ஃபிராக் லெக்ஸ் ரேக்’ (1906), ‘கிரேஸ் அண்ட் பியூட்டி’ (1909) இரண்டும் இன்றும் கைத்திறனுக்குச் சோதனை. லாம் வெள்ளையர், நியூயார்க்கில் ஜோப்ளினைச் சந்தித்து அவருடைய ஆதரவால் 1908இல் ‘சென்சேஷன்’ ரேக்கை வெளியிட்டார். அவருடைய ‘ரேக்டைம் நைட்டிங்கேல்’ (1915) இம்மரபின் மிகக் கனிந்த உருப்படிகளில் ஒன்று.

1960களின் இறுதியில் பிறந்த புதிய ரேக்கைப் புரிந்துகொள்ள எல்லோருக்கும் தெரிந்த ‘தி என்டர்டெய்னர்’ (1902) போதாது. ஜோப்ளினின் பிற்கால உருப்படிகளுக்குத்தான் போக வேண்டும். 1909இன் ‘சொலேஸ்’ உருப்படியில் இடதுகை வழக்கமான நடையை விட்டு, கியூபாவின் ஹபனேரா தாளத்தில் அசைகிறது; அது நடனத்தை மறந்து ஏக்கத்தைப் பாடுகிறது. அதே ஆண்டின் ‘யூஃபோனிக் சவுண்ட்ஸ்’ இடதுகையின் கீழ்-மேல் ஓட்டத்தைப் பல இடங்களில் அறவே நிறுத்திவிடுகிறது. 1914இன் ‘மேக்னெடிக் ரேக்’ இரண்டு பகுதிகளைத் துயரச் சாயல் கொண்ட மைனர் சுரவரிசையில் வைத்து, முடிவில் முதல் பகுதிக்கே திரும்புகிறது. ஜோப்ளின் தான் கட்டிய வீட்டின் சுவர்களைத் தானே இடிக்கத் தொடங்கியிருந்தார். 1917 ஏப்ரல் 1 அன்று அவர் இறந்தபோது அந்த வேலை பாதியில் நின்றது.

அதற்குள் காலமும் மாறியிருந்தது. ஜாஸ் வந்தது, ரேக்டைமின் இடதுகை விரிந்து ‘ஸ்ட்ரைட்’ பாணியானது. அந்தக் கிளையின் ஓர் இழை இந்தியாவரை நீண்டது. சிகாகோவில் பெயரெடுத்த டெடி வெதர்ஃபோர்ட் 1920களில் ஆசியாவுக்கு வந்து, பம்பாய் தாஜ்மஹால் ஓட்டலிலும் பின்னர் கல்கத்தா கிராண்ட் ஓட்டலிலும் வாசித்தார். 1945இல் கல்கத்தாவில் காலரா கண்டு இறந்தார்.

ரேக்டைம் மங்கிப்போயிருந்த நிலையில், 1950இல் ரூடி பிளெஷும் ஹாரியட் ஜேனிஸும் ரேக்டைமின் முதல் முழு வரலாற்றை எழுதினார்கள். புருக்ளினில் யாரும் அறியாமல் வாழ்ந்துகொண்டிருந்த லாமை அதற்காகத் தேடிக் கண்டுபிடித்தவர்களும் அவர்களே. 1970இல் ஜாஷுவா ரிஃப்கின் ஜோப்ளினை அவசரமின்றி, கச்சேரி இசைக்குரிய மரியாதையோடு வாசித்து இசைத்தட்டு வெளியிட்டார். 1973இல் ‘தி ஸ்டிங்’ திரைப்படம் ஜோப்ளினின் மெட்டுகளை உலகெங்கும் கொண்டுபோனது. நியூயார்க்கில் பெயர்ப்பலகைகூட இல்லாமல் கிடந்த அவருடைய கல்லறைக்கு 1974இல்தான் கல் நடப்பட்டது.

புதிய ரேக் இந்த மறுமலர்ச்சியோடு ஒட்டிப் பிறந்தது. வில்லியம் போல்கம், வில்லியம் ஆல்பிரைட் ஆகிய இரு இளம் இசையமைப்பாளர்கள் 1960களின் இறுதியில் ரேக்குகளை எழுதி ஒருவருக்கொருவர் அனுப்பிக்கொண்டார்கள். போல்கம் தன் தந்தையின் நினைவாக 1970இல் எழுதிய ‘கிரேஸ்ஃபுல் கோஸ்ட்’ இன்று செவ்வியல் ரேக்குகளுக்குச் சமமாக வாசிக்கப்படுகிறது. அது மைனரில் தொடங்குகிறது. தாளத்துக்கும் மெட்டுக்கும் இடையிலான இழுப்பு இருக்கிறது, ஆனால் ஆடச் சொல்வதில்லை. சுரக்கூட்டுகள் ஒன்றிலிருந்து ஒன்றுக்கு அரைச்சுரம் அரைச்சுரமாக நழுவுகின்றன. ஜோப்ளின் அங்கங்கே தொட்டுக்காட்டிய இந்த உத்தி இங்கே உருப்படியின் உயிராகிவிட்டது. போல்கமின் ‘சர்ப்பன்ட்ஸ் கிஸ்’ இன்னும் துணிச்சலானது. நாவால் சொடுக்கவும் பியானோவின் மரத்தைத் தட்டவும் அது வாசிப்பவரைக் கேட்கிறது. ஆல்பிரைட்டின் ‘டிரீம் ரேக்ஸ்’ வடிவத்தையே கனவுக்குள் கரைத்துப் பார்க்கிறது. அதில் எல்லாம் சமமாகத் தேறியது என்று சொல்ல முடியாது.

இவர்களுக்கு அடுத்து வந்த டேவிட் தாமஸ் ராபர்ட்ஸ் வேறு வழியில் போனார். 1972 டிசம்பர் 31 அன்று, நிலநடுக்கத்தில் சிதைந்த நிகரகுவாவுக்கு நிவாரணப் பொருள் கொண்டுசென்ற விமானம் விழுந்து, போர்ட்டோ ரிக்கோவின் பேஸ்பால் வீரர் ராபர்ட்டோ கிளெமென்ட்டே இறந்தார். அவர் பெயரில் ராபர்ட்ஸ் 1979இல் எழுதிய ரேக், புதிய ரேக்கின் சிகரங்களில் ஒன்று. இரங்கற்பா போலத் தொடங்கி, பகுதிக்குப் பகுதி கனம் ஏறுகிறது. ராபர்ட்ஸும் ஸ்காட் கர்பி, ஃபிராங்க் ஃபிரெஞ்ச் ஆகியோரும் பிரேசிலின் எர்னஸ்டோ நசரேத் முதலான லத்தீன் அமெரிக்க மரபையும் ரேக்டைமையும் ஒன்றாக்கி, அந்தக் கலப்புக்கு ‘டெர்ரா வெர்டே’ என்று பெயர் வைத்தார்கள். ‘சொலேஸ்’ ஹபனேராவில் அசைந்ததை நினைத்துப் பார்த்தால் இது புது வழியல்ல, ஜோப்ளின் காட்டிய பாதைதான்.

பழையதும் புதியதும் பிரியும் இடம் எது? நான்கு பகுதிக் கட்டமைப்பைப் புதியவர்கள் பெரும்பாலும் கைவிடவில்லை. மாறியது, வாசிப்பவருக்குத் தரப்பட்ட சுதந்திரம். நடனத்துக்குக் கட்டுப்பட்ட பழைய ரேக்கில் வேகம் ஒரே சீர். புதிய ரேக் மேடைக்கும் ஒலிப்பதிவுக்கும் எழுதப்படுவதால் இடையில் தயங்கலாம், நிற்கலாம், குரல் தாழ்த்தலாம். மேஜரின் பிரகாசம் குறைந்து மைனரின் நிழல் கூடியது. பழைய ரேக்கில் துயரம் உற்சாகத்தின் அடியில் மறைந்திருந்தது. புதியதில் மேலே வந்துவிட்டது. இதில் ஓர் இழப்பும் உண்டு. இடதுகை பிடிவாதமாக நடக்கும்போதுதான் வலதுகையின் மீறலுக்கு அர்த்தம். இடதுகையை அதிகம் தளர்த்திய சில புதிய உருப்படிகள் அழகிய பியானோ இசையாக மிஞ்சுகின்றன, ரேக்காக மிஞ்சுவதில்லை. ‘கிரேஸ்ஃபுல் கோஸ்ட்’ நிலைத்து நிற்பதற்கு, அத்தனை நெகிழ்விலும் அதன் இடதுகை நடையை விடாததே காரணம்.

சிகாகோவின் ரெஜினால்ட் ராபின்சன் இந்தச் சிக்கலை வேறு வகையில் தீர்த்தவர். 1972இல் பிறந்த இந்தக் கறுப்பினக் கலைஞர் பெரும்பாலும் தானாகவே கற்று, ஜோப்ளின் காலத்து வடிவத்துக்குள்ளேயே புதிய மெட்டுகளை எழுதினார். 2004இல் மக்கார்தர் நிதிநல்கை பெற்றார். அவருடைய ரேக்குகளைக் கேட்கையில், பழைய வடிவம் தீர்ந்துபோய்விடவில்லை என்பது தெரிகிறது.

சென்னையிலும் பிற ஊர்களிலும் பியானோ பயிலும் பிள்ளைகள் ரேக்டைமைச் சந்திப்பது பெரும்பாலும் ‘தி என்டர்டெய்ன’ரின் எளிதாக்கிய வடிவத்தில்தான். அதற்கு அடுத்து அதே வடிவத்தில் இன்னொரு ரேக்கைத் தேடுவதைவிட ‘சொலேஸ்’ பக்கம் போவது நல்லது. அது மெதுவானது, விரலுக்கு எட்டும், போல்கமையும் ராபர்ட்ஸையும் பின்னாளில் வாசிக்கத் தேவையான நிதானத்தை அங்கேயே கற்றுக்கொள்ளலாம்.